ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்

பழுவேட்டரையர் ஆண்ட கீழப்பழுவூரில் தினமும் விடிகாலையில் ஓடுகிறேன். "யார் சார் துரத்துறாங்க?" என்றார் சிமென்ட் லாரிக்காரர். வேறு யார், தொப்பைதான்!

கூட ஓடும் சர்ச் நண்பருக்கு ஞாயிறு மட்டும் லீவு. கேட்டால், "எரிக் லிடெல்" என்பார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸில், ஞாயிறன்று தகுதிச் சுற்று என்பதால் 100 மீட்டரையே உதறியவர். 400 மீட்டரில் தங்கம், 47.6 விநாடி! மறுவருஷமே ஊழியம் செய்யச் சீனா போய்விட்டார்.

1943-ல் ஜப்பானியர் முகாமில் அடைத்தார்கள். அங்கே ஞாயிறன்று பிள்ளைகள் ஹாக்கியில் அடித்துக்கொள்ள, மனசு கேட்காமல் ரெஃப்ரியாக விசில் ஊதினார். தங்கத்துக்குத் தளராத விரதம், பிள்ளைகளுக்காகத் தளர்ந்தது. 1945-ல் அங்கேயே இறந்தார்.

போன ஞாயிறு நண்பர் ஓடினார். "லீவாச்சே?"

"பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாத்திரை தீர்ந்துடுச்சு சார்!"

நானும் கூடவே ஓடினேன். முதல் தடவையாக, தொப்பைக்காக இல்லாமல்.