உபகாரச் சம்பளமும் ஒரு முழங்காலும்

ஹேடோ துறையில் கப்பலேறிச் சென்னைக் கல்லூரிகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளுள், பந்தாட்டத் திறமையால் இலவச இடம் பெறுவோரும் உண்டு. பெருமைக்குரிய செய்திதான். ஆயினும் அச்சலுகை எத்தனை ஆண்டுக்கு என்பதைப் பெற்றோர் முதலிலேயே கேட்டறிதல் நலம்.

இவ்விஷயத்தில் அமெரிக்கர் நெடுநாள் அனுபவம் உடையவர்கள். அங்கே கல்லூரிக் காற்பந்து பெருவருவாய்த் தொழில். (பெயர்தான் காற்பந்து, பந்து பெரும்பாலும் கையிலேதான் இருக்கும்!) முதல்தர அணியொன்றில் 85 பேருக்கு மேல் உபகாரச் சம்பளம் கூடாதென்று நெடுங்காலம் விதி இருந்தது. 2025 முதல், வழக்கொன்றின் உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் அவ்விதி நீங்கி, அணிக்கு 105 பேர் என்னும் வரம்பு வந்துள்ளது. எண்ணிக்கைக்கு எல்லையுண்டெனில், புதியவன் வரப் பழையவன் விலகத்தானே வேண்டும்? விலகுவது யார் என்பதில் பயிற்சியாளரின் சொல்லே பெரிது. 1973-இல் உபகாரச் சம்பளம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதாக மாறியபின் அவர் கை மேலும் ஓங்கிற்று. இடங்களுக்கு மேற்பட்டோரிடம் கையொப்பம் வாங்கிவிட்டுச் சிலரை அடுத்த பருவத்துக்கு வரச் சொல்வதும், சிலரை வேறு கல்லூரி பார்க்கச் சொல்வதும் நடந்துள்ளன. ஆடவே இயலாதபடி காயமுற்றவனுக்கு மருத்துவக் காரணத்தால் படிப்புச் செலவைத் தொடர்ந்து தரலாம். அவன் அந்த 85-இல் சேரமாட்டான். நல்ல ஏற்பாடே. ஆனால் இன்னும் ஆடமுடியும் என்று நம்பியவர்களையும் அப்பட்டியலில் தள்ளியதாகப் புகார்கள் எழுந்தன. 2012 முதல் பல்லாண்டு உபகாரச் சம்பளத்துக்கு மீண்டும் அனுமதி உண்டு, கட்டாயமில்லை.

நம் நாட்டிலும் இது புதிதன்று. 2017-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கேலோ இந்தியா திட்டம், தேர்ந்தெடுத்த வீரருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் 8 ஆண்டுகள் உதவ முன்வந்தது. எனினும் ஆட்டத்தின் தரம் மதிப்பிடப்படும், பின்தங்கியோர் நீக்கப்படுவர். அரசின் விதியேனும் அச்சில் இருக்கிறது. தனியார் கல்லூரியிலோ பல சமயம் பயிற்சியாளரின் வாய்ச்சொல்லே சாசனம். அவர் வேறிடம் மாறினால் அச்சொல்லும் அவரோடு போய்விடும்.

கல்விக் கட்டணம் மட்டுமா, விடுதியும் உணவும் சேர்ந்ததா? அணியில் இடம் போனால் சலுகையும் போகுமா? முழங்கால் பழுதுபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, படிப்பு முடியும்வரை சலுகை தொடருமா? இவற்றுக்குக் கல்லூரி முதல்வரின் கையொப்பத்துடன் எழுத்தில் விடை பெறுங்கள். கப்பல் டிக்கெட்டை அதன்பின் எடுக்கலாம்.