ஹைப்பர்த்ரெட்டிங் திரும்ப வருமா? வந்தால் யாருக்கு?

2025 ஜூலையில் இன்டெல் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி லிப்-பு டான் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். எஸ்.எம்.டி.யைக் கைவிட்டது போட்டியில் பாதகமாகிவிட்டது, அதைத் திரும்பக் கொண்டு வருகிறோம் என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சர்வர் சிப்களைப் பற்றி. ஆனால் ஊகங்களுக்கு அணை போட முடியுமா? வீட்டு கம்ப்யூட்டருக்கும் லேப்டாப்புக்கும் அது திரும்ப வருமா என்பதுதான் அன்றிலிருந்து பேச்சு.

முதலில் எஸ்.எம்.டி. என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இன்டெல் அதற்கு வைத்த பெயர்தான் ஹைப்பர்த்ரெட்டிங். ஓட்டல் சமையலறையில் ஒரு மாஸ்டர் இருக்கிறார். ஒரு சர்வரின் ஆர்டருக்குச் சட்னி இன்னும் அரைபடவில்லை. அதுவரை மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் இன்னொரு சர்வரின் ஆர்டரைக் கவனித்தால்? அவ்வளவுதான் விஷயம். மெமரியிலிருந்து தகவல் வரும்வரை ஒரு கோரின் பல பாகங்கள் சும்மா கிடக்கின்றன. அதே கோரில் இரண்டு த்ரெட்களை ஓடவிட்டால், ஒன்று காத்திருக்கும்போது மற்றது ஓடும். கவனிக்க, மாஸ்டர் ஒருவர்தான். வேகம் இரண்டு மடங்காகாது.

இது புதிய சரக்கு அல்ல. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டல்சன், எக்கர்ஸ், லெவி மூவரும் 1995லேயே இதைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். இன்டெல் 2002ல் ஜியான் சிப்பிலும், அதே ஆண்டு நவம்பரில் 3.06 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4லும் இதைக் கொண்டுவந்தது. சிப்பின் பரப்பில் 5 சதவீதத்துக்கும் குறைவான கூடுதல் இடம், வேகத்தில் 30 சதவீதம் வரை லாபம் என்றது. 2006ல் வந்த கோர் 2வில் அதைக் காணோம். 2008ல் கோர் ஐ7 வந்தபோது திரும்ப வந்தது. ஆக, போவதும் வருவதும் இதற்குப் பழக்கம்தான்!

கதையின் முக்கியமான பகுதி இதற்குப் பிறகுதான். 2011 ஜனவரியில் ஐ5-2500கே சிப்பின் பட்டியல் விலை 216 டாலர், ஐ7-2600கே 317 டாலர். இரண்டிலும் நான்கு கோர். கொஞ்சம் கேஷும் 0.1 கிகாஹெர்ட்ஸும் நீங்கலாக, பெரிய வித்தியாசம் ஹைப்பர்த்ரெட்டிங்தான். அது சிப்புக்குள் இருந்தும் ஐ5ல் பூட்டி வைக்கப்பட்டது. இதையும் மிஞ்சியது 2010ல் நடந்த கூத்து. பென்டியம் ஜி6951 வாங்கியவர், 50 டாலருக்கு ஒரு கார்டு வாங்கி அதிலுள்ள எண்ணைத் தட்டினால் ஹைப்பர்த்ரெட்டிங்கும் கூடுதல் கேஷும் திறந்துகொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் சாவி தனி விலை!

இந்தப் பூட்டை உடைத்தது போட்டிதான். 2011ல் புல்டோசர் என்ற வேறு பாதையில் போய்ச் சறுக்கிய எ.எம்.டி., 2017ல் ரைசனில் எஸ்.எம்.டி.யோடு வந்தது. 219 டாலருக்கு வந்த ரைசன் 5 1600ல் 6 கோர், 12 த்ரெட். அந்த நேரத்தில் இன்டெல் ஐ5-7600கே 242 டாலருக்குக் கொடுத்தது 4 கோர், 4 த்ரெட். எ.எம்.டி.யும் தர்மப்பிரபு இல்லை, ரைசன் 3 1200ல் எஸ்.எம்.டி.யைத் தரவில்லை. ஆனாலும் 2020ல் இன்டெல் தன் ஐ3-10100ல்கூட ஹைப்பர்த்ரெட்டிங்கைக் கொடுத்தது. மூன்றே ஆண்டில் ஆடம்பரம் அடிப்படை ஆகிவிட்டது.

பிறகு ஏன் எடுத்தார்கள்? 2024ல் வந்த லூனார் லேக்கில் மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டியிருந்தது. கூடவே சின்ன ஈ-கோர்கள் இருப்பதால், கூடுதல் த்ரெட்களை அவற்றிடமே தள்ளிவிடலாம். பாதுகாப்புச் சிக்கலும் உண்டு. ஒரே கோரைப் பங்குபோடும் இரண்டு த்ரெட்களில் ஒன்று மற்றொன்றின் ரகசியத்தை மோப்பம் பிடிக்கலாம் என்ற பயத்தில், ஓபன்பிஎஸ்டி 2018லேயே ஹைப்பர்த்ரெட்டிங்கை இயல்பாக அணைத்து வைத்தது.

இவை நியாயமான காரணங்கள்தான். 24 கோர், 32 த்ரெட் கொண்ட ஐ9-14900கேவுக்குப் பிறகு 24 கோர், 24 த்ரெட்டோடு வந்த அல்ட்ரா 9 285கே, ரெண்டரிங் போன்ற வேலைகளில் பின்தங்கிவிடவில்லை. ஆகவே லேப்டாப் வாங்கப் போகும் மாணவர்கள் இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பெட்டியில் உள்ள த்ரெட் எண்ணிக்கை மட்டும் வேகத்தைச் சொல்லிவிடாது.

சர்வரில் கதை வேறு. கிளவுட் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு த்ரெட்டை ஒரு விசிபியு என்று கணக்கிட்டு விற்கின்றன. ஒரு கோரில் இரண்டு விற்க முடியும் என்றால் யார் விடுவார்கள்? எனவே சர்வருக்குத் திரும்ப வருவது வியாபாரக் கட்டாயம். அங்கே ஒருமுறை வடிவமைத்த பிறகு, மற்ற சிப்களுக்கும் கொண்டுவருவது அவ்வளவு கடினமாக இருக்காது. அதனால்தான் வீட்டுச் சிப்புக்கும் வரும் என்ற ஊகத்தை ஒதுக்கிவிட முடியவில்லை.

அப்படி வரும்போது கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை சதவீத வேகம்?" என்பது மட்டுமல்ல. விலை உயர்ந்த மாடலில் திறந்து, மலிவான மாடலில் பூட்டும் பழைய வழக்கமும் கூடவே வருமா என்பதும்தான். பட்ஜெட் பார்த்து வாங்குபவருக்குக் கோர்கள் குறைவு. அந்தக் குறைவான கோர்களிலிருந்து கடைசிச் சொட்டுவரை பிழிந்தெடுக்க வேண்டியவர் அவர்தான். எஸ்.எம்.டி. அதிகம் உதவக்கூடிய இடத்தில் அதைப் பூட்டி வைப்பதில் பொறியியல் நியாயம் எதுவும் இல்லை. வந்தால் எல்லோருக்கும் வரட்டும், பாதுகாப்பு வேண்டுபவர் அணைத்துக்கொள்ள பயாஸில் ஒரு ஸ்விட்சும் இருக்கட்டும். அந்த ஸ்விட்ச் வாங்கியவர் கையில் இருக்க வேண்டும், விற்பவர் கையில் அல்ல.