அச்சுக்கட்டைக் கலைஞர்கள் ஒன்று கூடட்டும்!

அச்சு வெல்லம் தெரியாதவர் கொங்கு நாட்டில் இல்லை. மரப் பலகையில் குழி வெட்டி, அதில் பாகை வார்த்து ஆறவிட்டால், வெல்லம் அச்சாக விழுகிறது. குழி எப்படியோ, வெல்லமும் அப்படி. மரத்தில் ஒரு தடவை வெட்டினால் ஆயிரம் தடவை எடுக்கலாம். பார்க்கப்போனால் சின்னத் தந்திரம்தான். ஆனால் உலகத்துக்கு அச்சுப் புத்தகத்தையும், படத்தையும், பூப்போட்ட சேலையையும் முதலில் கொடுத்தது இந்தத் தந்திரமே.

சீனாவில் 868ஆம் ஆண்டில் ஒரு பௌத்த நூலை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டார்கள். தேதி குறிக்கப்பட்ட முழு அச்சுப் புத்தகங்களில், இதுவரை கிடைத்தவற்றுள் அதுவே பழையது. எகிப்து நாட்டில் புஸ்தாத் என்ற பழைய நகரம் இருந்த இடத்தைத் தோண்டியபோது, இந்தியாவில் அச்சுக்கட்டையால் சாயமிட்ட பருத்தித் துணியின் துண்டுகள் அகப்பட்டன. நம் ஊரிலும் பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை ஆகிய புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு அவற்றில் உள்ள முரட்டுக் கோட்டுப் படங்கள் நினைவிருக்கும். நம் பாட்டனார்கள் பார்த்த படங்கள் அவை.

இவ்வளவு பழமை உள்ள வித்தை இன்று எங்கே இருக்கிறது? அங்கொருவர், இங்கொருவர் கையில் இருக்கிறது. ஒருவர் தாளில் அச்சிடுகிறார். இன்னொருவர் துணியில் அச்சிடுகிறார். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிவதில்லை. இவர்கள் கூடிப் பேச வேண்டும், கைமுறைகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக் குறை சொல்ல வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வருவது.

வெட்டினால் ஒட்டாது

எல்லாக் கலைஞருக்கும் நண்பர் அபிப்பிராயம் வேண்டியதுதான். மர அச்சுக்காரருக்கு மட்டும் அது ஏன் அதிகம் வேண்டும்? காரணம் இருக்கிறது.

தாளில் வரைந்த கோட்டை அழிக்கலாம். துணியில் தைத்த தையலைப் பிரிக்கலாம். மரத்தில் வெட்டிய வெட்டை ஒட்ட முடியாது. நாள் கணக்கில் உட்கார்ந்து செதுக்கிய கட்டையில் ஓரிடத்தில் உளி வழுக்கினால் போயிற்று. அதோடு, அச்சில் வலது இடதாகும், இடது வலதாகும். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வெட்ட வேண்டும். தானே வரைந்து தானே வெட்டுகிறவர் கண்ணுக்குத் தப்பு தெரியாது. பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு உடனே தெரியும். ஆகவே குறை சொல்கிறவர், உளி எடுப்பதற்கு முன்பே வந்தால்தான் பிரயோஜனம்.

கைமுறைகளோ ஏராளம். மரத்தை நீளவாட்டில் பலகையாக அறுத்தால் நாரோட்டம் ஒரு பக்கமாக ஓடும். அதன் குறுக்கே உளியை ஓட்டினால் சிம்பு பெயரும். குறுக்குவெட்டில் அறுத்த கட்டையில் எந்தத் திசையிலும் மெல்லிய கோடு இழுக்கலாம். இரண்டுக்கும் உளி வேறு, பிடி வேறு. ஜப்பானியர் காட்டுச் செர்ரி மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் நாட்டுத் துணி அச்சுக்காரர்கள் தேக்கு போன்ற மரங்களை எடுத்து, செதுக்கிய கட்டையை எண்ணெயில் ஊறப்போட்டுப் பக்குவப்படுத்துகிறார்கள். பல நிறம் வைத்து அச்சிடும்போது ஒரு நிறத்தின் மேல் மறு நிறம் விலகாமல் விழ, ஜப்பானியர் கட்டையின் மூலையில் ஓர் அடையாளமும் ஓரத்தில் ஓர் அடையாளமும் வெட்டுவார்கள். தாளை அந்த இரண்டிலும் பொருத்தி வைத்தால் நிறம் நகராது.

இதை ஒருவர் தானாகக் கண்டுபிடிக்க வருஷங்கள் ஆகும். தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் ஒரு பொழுது போதும்.

ஒரு வியாழக்கிழமைக் கதை

ஜப்பானில் பழைய காலத்தில் படத்தை வரைபவர் ஒருவர், கட்டையை வெட்டுபவர் இன்னொருவர், அச்சிடுபவர் வேறொருவர், முதல் போட்டு விற்பவர் நாலாமவர். உலகப் புகழ் பெற்ற ஹொகுசாய், ஹிரோஷிகே படங்கள் இப்படி நாலு பேர் கூட்டில் உருவானவை. புகைப்படமும் புதிய அச்சு இயந்திரங்களும் வந்தபின் அந்தத் தொழில் படுத்துவிட்டது.

அப்போது இளைஞர் சிலர், வரைவதும் வெட்டுவதும் அச்சிடுவதும் ஒருவரே செய்ய வேண்டும் என்று புறப்பட்டார்கள். 1904இல் யமமோட்டோ கனாயே என்பவர் ஒரு மீனவரின் படத்தை அப்படிச் செய்து வெளியிட்டார். நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் நாலு பேர் வித்தையை ஒருவரே கற்பது எப்படி?

அதற்கு ஓஞ்சி கோஷிரோ என்ற கலைஞர் ஒரு வழி செய்தார். 1939இல் தம்முடைய டோக்கியோ வீட்டைத் திறந்துவைத்தார். மாதந்தோறும் முதல் வியாழக்கிழமை நண்பர்கள் அங்கே கூடுவார்கள். கொண்டுவந்த படங்களைப் பார்ப்பார்கள், விவாதிப்பார்கள். இதுதான் 'முதல் வியாழன் சங்கம்'. யுத்தம் வந்தது, தாளுக்கும் மைக்கும் பஞ்சம் வந்தது. அப்போதும் அவர்கள் விடவில்லை. 1944இல் ஆளுக்கொரு படம் கொடுத்து ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். தலைக்கு மேல் யுத்தம் நடந்த காலத்தில் இந்தக் காரியம்!

யுத்தம் முடிந்தபின் இன்னொரு அதிசயம் நடந்தது. நேற்றுவரை எதிரிகளாக இருந்த அமெரிக்கர் சிலரும் அந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவரான ஆலிவர் ஸ்டாட்லர் 1956இல் இந்தக் கலைஞர்களைப் பற்றிப் புத்தகம் எழுதி உலகுக்குக் காட்டினார். அதே ஆண்டு வெனிஸ் நகரக் கலைவிழாவில் அச்சுக்கலைக்கான பெரும் பரிசு முனகாட்டா ஷிகோ என்ற ஜப்பானிய மர அச்சுக் கலைஞருக்குக் கிடைத்தது. ஓஞ்சி 1955இலேயே காலமாகிவிட்டார். அவர் திறந்துவைத்த கதவு மூடவில்லை.

நம் நாட்டிலும் உண்டு

ஜப்பான் கதை நமக்கு ஒத்துவருமா என்று கேட்கலாம். நம் நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. சென்னையில் 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியில் மரச் செதுக்கு அச்சும் கற்பிக்கப்பட்டது. சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் மாணவர்களோடு மாணவராக உட்கார்ந்து கட்டை வெட்டினார். கோலூன்றி நடக்கும் காந்தியடிகளை அவர் 1930இல் லினோலியத்தில் செதுக்கிய படம், தண்டி யாத்திரையின் முகமாகவே ஆகிவிட்டது. தாகூர் எழுதிய வங்காளி அரிச்சுவடியான 'ஸஹஜ் பாட'த்துக்கும் அவர் செதுக்கிய படங்களே அழகு தந்தன.

1966இல் சென்னைக்கு அருகே ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் கலைக்கிராமம் உண்டாயிற்று. கலைஞர்கள் பட்டிக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருமானத்தில் தாங்களே அதைக் கட்டினார்கள். படம் விற்காத நாளில் துணி அவர்களுக்குச் சோறு போட்டது.

பயத்துக்கும் காரணம் உண்டு

'தொழில் ரகசியத்தைச் சொன்னால் பிழைப்பு என்ன ஆவது?' என்று கேட்பவர் உண்டு. இந்தப் பயத்தை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். அதற்குச் சரித்திரம் இருக்கிறது.

சோழமண்டலக் கரையின் சீட்டித் துணி ஒரு காலத்தில் ஐரோப்பாவை மயக்கியது. கடுக்காய் ஊட்டி, படிகாரம் இட்டு, சாயவேரில் சிவப்பு ஏற்றிய அந்தத் துணி எத்தனை தடவை துவைத்தாலும் வெளுக்காது. 1742இல் கூர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இங்கிருந்த சாயக்காரர்களிடம் கேட்டறிந்து, செய்முறை முழுவதையும் கடிதமாக எழுதி அனுப்பினார். அது ஐரோப்பாவில் அச்சாயிற்று. பின்னர் அங்கே இயந்திரத்தில் அச்சிட்ட துணி நம் சந்தைக்கே வந்து இறங்கியது. சாயக்காரர் பயப்படுவதில் தப்பென்ன?

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். தஞ்சை மராட்டிய அரண்மனைக்காகக் கோடாலிக் கருப்பூரில் ஒரு வகைச் சேலை செய்தார்கள். சரிகை நெசவும் கைச்சித்திரமும் சாயமும் சேர்ந்த அபூர்வ வேலை அது. 1855இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. வாங்குவோர் போனதும் தொழில் நசித்தது. அந்தச் சேலைகளை இன்று காட்சிசாலைக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்க்கிறோம். வாங்குவோர் போனால் வியாபாரம் போகும். அதைத் தடுப்பது கடினம். ஆனால் வித்தையும் கூடப் போக வேண்டும் என்ற விதி இல்லை. நாலு பேருக்குத் தெரிந்து, நாலு ஏட்டில் எழுதியிருந்தால் அது பிழைத்துக் கிடக்கும். பின்னால் ஒரு காலத்தில் யாராவது எடுத்துத் துலக்குவார்கள்.

சொன்னதால் வந்த நஷ்டம் ஒன்று. சொல்லாததால் வந்த நஷ்டம் மற்றொன்று. இரண்டையும் பார்த்தால் ஒரு பாடம் தெரிகிறது. வித்தையை நாம் நம் பெயரில் எழுதிவைக்காதபோது, வேறொருவர் தம் பெயரில் எழுதிக்கொள்கிறார். அல்லது எழுதுவாரே இல்லாமல் மறைந்துபோகிறது. இப்போது சட்டமும் கூடியவர் பக்கம்தான் இருக்கிறது. 1999இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் தனி ஆள் விண்ணப்பிக்க முடியாது. உற்பத்தியாளர் சங்கமோ, அவர்கள் சார்பான அமைப்போ கேட்க வேண்டும். செய்முறையை விவரமாக எழுதிக் காட்ட வேண்டும். பவானி ஜமக்காளமும் கோவை கோரா சேலையும் அந்தக் குறியீட்டைப் பெற்றது இந்த வழியில்தான். 2021இல் கருப்பூர் கலம்காரிக்கும் கிடைத்தது. பூட்டிவைத்த ரகசியத்துக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. பதிந்துவைத்த பெயருக்கு உண்டு.

மில்காரர் காட்டிய வழி

கோயமுத்தூருக்கு இது புதுப் பாடமும் அல்ல. இந்த ஊரின் நூற்பாலைகள் ஒன்றுக்கொன்று போட்டிதான். ஆனாலும் 1956இல் ஆலைகள் சேர்ந்து தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தை ஏற்படுத்தின. 'சிட்ரா' என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தன் ஆலையின் உற்பத்திக் கணக்கை ஒவ்வொருவரும் பொதுவில் வைத்து, யார் எங்கே பின்தங்கியிருக்கிறோம் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இதனால் எந்த மில்லும் மூழ்கிவிடவில்லை. கை தேறின மில்கள்தான் அதிகம். அந்தச் சங்கத்தின் முதல் இயக்குநர் கஸ்தூரி சீனிவாசன் கலைப்பிரியர். அவினாசி சாலையில் அவர் பெயரால் கலைக்கூடமும் ஜவுளிக் காட்சிசாலையும் உள்ளன. நூலும் ஓவியமும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கோடிக்கணக்கில் முதல் போட்ட மில்காரர்கள் கணக்கைத் திறந்து காட்டினார்கள். ஆறு உளி முதல் போட்டவர் ஏன் தயங்க வேண்டும்?

சரவணம்பட்டியில் ஒரு மேஜை

கூடுவதற்கு இடம் எது? சரவணம்பட்டியைச் சொல்வோம். சத்தியமங்கலம் சாலையில் கிராமமாக இருந்து, பேரூராட்சியாகி, 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர் அது. இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளும் கல்லூரிகளும் நிறைந்திருக்கின்றன. ஜவுளித் தொழில்நுட்பமும் ஆடை வடிவமைப்பும் படிக்கிற பிள்ளைகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நாள் முழுவதும் கண்ணாடித் திரையைப் பார்த்துக் களைத்து, கையால் ஏதாவது செய்ய ஏங்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். வடக்கே போனால் தறிகளின் நாடான சிறுமுகை. துணியும் உண்டு, கையும் உண்டு, ஆர்வமும் உண்டு. குறைவது ஒரு மேஜைதான்.

செலவு பெரிதல்ல. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஓர் அறை, நல்ல வெளிச்சம், சாணைக்கல் ஒன்று. அச்சு இயந்திரம்கூட வேண்டாம். தாளின் முதுகில் கரண்டியின் முதுகை வைத்து அழுத்தித் தேய்த்தாலே படம் இறங்கும்.

நாலு வழக்கங்களை மட்டும் முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். வருகிறவர் நல்ல அச்சோடு கெட்டுப்போன கட்டையையும் கொண்டுவர வேண்டும். வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கற்பிக்கும். குறையை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். ஆனால் வேலையைத்தான் குறை சொல்ல வேண்டும், ஆளை அல்ல. கற்ற கைமுறையை ஒரு பொது ஏட்டில், கற்பித்தவர் பெயரோடு எழுதிவைக்க வேண்டும். துணி அச்சிடும் தொழிலாளியும் தாளில் அச்சிடும் கலைஞரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். கடைசி வழக்கம்தான் கடினமானது; அதுவே முக்கியமானது. 'அவர் கூலிக்காரர், இவர் கலைஞர்' என்ற வேற்றுமை அங்கே நுழைந்தால் சங்கம் ஆறு மாதம் தாங்காது.

வருஷம் ஒரு தடவை ஆளுக்கொரு படம் போட்டு ஒரு தொகுப்பு வெளியிடலாம். நல்ல மரம் எங்கே கிடைக்கிறது, காட்சி எங்கே நடக்கிறது, முதிய கைவினைஞர் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அங்கேயே பேசிக்கொள்ளலாம். வித்தைக்கு நாலு பேர் வேண்டும். வித்தைக்காரருக்கும் நாலு பேர் வேண்டாமா?

ஊர் கூடினால்தான் தேர் நகரும். இந்தத் தேருக்கு ஊர் முழுவதும் கூட வேண்டியதில்லை. பத்துப் பேர் போதும். கல்லூரிகளும் கலைக்கூடங்களும் அறையைத் திறந்துவிடட்டும். வயதான கைகள் இருக்கும்போதே இளைய கைகள் பக்கத்தில் வந்து உட்காரட்டும். அச்சுக்கட்டையை எண்ணெயிட்டு வைத்தால் நெடுங்காலம் இருக்கும். அதை வெட்டத் தெரிந்த கைக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.