பதினேழில் ஏற்றம், இருபதில் இறக்கம்



கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் பெரம்பூர், அயனாவரம் பகுதிகளில் காலையிலேயே கிரிக்கெட் பயிற்சி களைகட்டிவிடும். தன் உயரத்துக்குக் கிட்பையைச் சுமந்து நடக்கும் சிறுவனும், தண்ணீர் பாட்டிலோடு பின்னால் வரும் தந்தையும் நமக்குப் பழகிய காட்சிதான். 2025 ஏப்ரல் 28 அன்று, 14 வயது வைபவ் சூர்யவன்ஷி ஐ.பி.எல். போட்டியில் 35 பந்துகளில் சதம் அடித்தார். அதற்குப் பிறகு அந்தத் தந்தையரின் ஆசை இன்னும் வளர்ந்திருக்கிறது. 13 வயதில் அவரை ராஜஸ்தான் அணி ஏலத்தில் எடுத்த விலை 1 கோடியே 10 லட்சம் ரூபாய். யாருக்குத்தான் ஆசை வராது?

இந்நேரத்தில் நம் சென்னை நகரின் ஒரு பிள்ளையை நினைவுகூர்வது நல்லது. லட்சுமணன் சிவராமகிருஷ்ணன், 1965 டிசம்பர் 31-ல் பிறந்தவர், லெக் ஸ்பின் பந்துவீச்சாளர். 1983-ல் ஆண்டிகுவாவில் முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 17. அதுவரை இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர்களில் அவரே மிக இளையவர். 1984-ல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 12 விக்கெட். 1985 மார்ச்சில் மெல்போர்ன் இறுதிப்போட்டியில் ஜாவேத் மியாந்தத்தை ஏமாற்றி ஸ்டம்பிங் ஆகவைத்த பந்தை, அன்று தொலைக்காட்சி பார்த்த நம் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அடுத்த ஆண்டே, 1986 ஜனவரியில், சிட்னியில் அவருடைய கடைசி டெஸ்ட். வயது 20. மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். அவற்றில் 23 அந்த ஒரே இங்கிலாந்துத் தொடரில் வந்தவை. பந்தின் வளைவு போனது, நம்பிக்கையும் போனது. 1987 உலகக் கோப்பைக்கு ஒருமுறை அழைத்தார்கள், அத்தோடு சரி.

அதே சிட்னி மைதானத்தில் 1992-ல் 22 வயது ஷேன் வார்ன் தன் முதல் டெஸ்டை ஆடினார். 150 ரன் கொடுத்து எடுத்தது ஒரே விக்கெட். ஆனால் அவரை நம்பிப் பொறுத்திருக்க ஆட்கள் இருந்தார்கள். முடிவில் 708 விக்கெட். இருவரின் திறமையும் சமம் என்று நான் வாதிட வரவில்லை. லெக் ஸ்பின் தாமதமாகப் பழுக்கும் கலை. நம்மவருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை என்பதே என் எண்ணம்.

மற்றொன்றும் உண்டு. தன் நிறத்துக்காக வாழ்நாள் முழுவதும், அதுவும் சொந்த நாட்டிலேயே, பாகுபாட்டுக்கு ஆளானதாக 2021-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். கறுப்பு என்று கேலி செய்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளிலும் இல்லாமல் இல்லை. ஊரே கொண்டாடிய பையனின் மனதிலும் அது இத்தனை ஆண்டுகள் தங்கியிருக்கிறது.

நல்லவேளையாக அவருக்கு வர்ணனையாளர் பணி அமைந்தது. நம் பகுதியில் முன்பு வேறொரு தாங்கல் இருந்தது. 1955 முதல் ரயில் பெட்டிகள் கட்டிவரும் ஐ.சி.எஃப்-பும் தெற்கு ரயில்வேயும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்தன. கால்பந்தோ, ஹாக்கியோ, குத்துச்சண்டையோ, முழங்கால் போனாலும் மாதச் சம்பளம் வந்தது. அந்த ஒதுக்கீடு இன்றும் உண்டு. ஆனால் பெற்றோரின் பேச்சில் அது வருவதில்லை, ஏலத் தொகைதான் வருகிறது. ஏலத்தில் விலைபோகாத பையனுக்கு மறுநாள் காலையில் என்ன இருக்கிறது? எட்டாம் வகுப்பிலேயே படிப்பைக் குறைத்துக்கொண்டு மைதானமே கதி என்று இருந்தவனுக்கு?

இந்தக் கோடையில் பயிற்சிக் கட்டணம் கட்டும் முன் பயிற்சியாளரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். தேர்வானவர்களின் படங்களைச் சுவரில் மாட்டியிருப்பார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தேர்வாகாமல் போன பையன்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள்.