அடுத்த கைக்கு

1960களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 296 பேரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். நெப்ராஸ்காவிலும் பாஸ்டனிலும் இருந்தவர்கள் அவர்கள். பாஸ்டனில் பணிபுரியும் ஒரு பங்குத்தரகருக்கு ஒரு தபால் போய்ச்சேர வேண்டும். தரகரோடு நேரில் பழக்கமில்லை என்றால் தபாலை அவருக்கே அனுப்பக்கூடாது. அவரை நெருங்க வாய்ப்புள்ள, தமக்குத் தெரிந்த ஒருவருக்குத்தான் அனுப்பலாம். 64 தபால்கள் போய்ச்சேர்ந்தன. இடையில் சராசரியாக ஐந்தே பேர்.

ஆளுக்கு நூறு பேரைத் தெரியும், நூறை ஐந்து முறை பெருக்கினால் ஆயிரம் கோடி, எனவே இதில் வியப்பில்லை என்று சிலர் கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கு நிற்காது. என் நண்பர்கள் பெரும்பாலும் தமக்குள்ளும் நண்பர்கள். பெருக்கப் பெருக்க அதே முகங்கள்தான் திரும்ப வரும். அப்படியிருந்தும் ஐந்தே பேரில் எப்படிப் போய்ச்சேர்கிறது? விடையை 1998இல் டங்கன் வாட்ஸும் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸும் காட்டினார்கள். அக்கம்பக்கத்தாரோடு மட்டும் பிணைந்த வலையில் மிகச் சில இழைகளை எடுத்துத் தொலைவில் முடிந்தாலே போதும். நெருக்கம் அப்படியே இருக்க, தூரம் மட்டும் சட்டென்று குறைந்துவிடும். ஊரைவிட்டு எங்கோ வேலைக்குப் போன என் பெரியப்பா மகன் அப்படியோர் இழை. அவர் ஒருவரால் எங்கள் தெருவே இன்னொரு நகரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. 2011இல் ஃபேஸ்புக்கின் 72 கோடிப் பேரை வைத்துக் கணக்கிட்டபோது, இருவருக்கிடையே சராசரியாக ஐந்து இணைப்புகள்கூட இல்லை.

ஆனால் என் மனம் சேராமல் போன 232 தபால்களையே சுற்றுகிறது. அவற்றில் 79, முதல் ஆளின் கையைவிட்டே நகரவில்லை. சேர்ந்த 64இல் 16 தபால்களைத் தரகரிடம் சேர்த்தவர், அவர் குடியிருந்த ஷாரன் ஊரின் துணிக்கடைக்காரர் ஒருவர். அவருக்கு இதில் என்ன ஆதாயம்? ஒன்றுமில்லை. வந்ததை அனுப்பினார், அவ்வளவுதான். எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை.

2003இல் வாட்ஸும் சகாக்களும் மின்னஞ்சலில் இதையே செய்து பார்த்தார்கள். 24,000க்கும் மேற்பட்ட சங்கிலிகள் தொடங்கின. 384 மட்டுமே முடிந்தன. வழி இல்லாமல் அல்ல. யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை எனச் சொன்னவர்கள் ஆயிரத்தில் மூன்று பேருக்கும் குறைவு. மற்றவர்களுக்கு அடுத்த ஆள் யாரென்று தெரிந்தே இருந்திருக்க வேண்டும்.