பழகாத கையிற் பெருஞ்சுமை

தேரோட்டியை நம் முன்னோர் சிறுமைப்படுத்தியதில்லை. சங்கப் பாடல்களிலே வினைமுடித்து மீளும் தலைவன் தன் உள்ளத்தைத் திறந்து பேசுவது பெரும்பாலும் பாகனிடத்தேதான். பாரதப் போரிலே பார்த்தனின் தேரைச் செலுத்தியவன் கண்ணன். குதிரையின் இயல்பையும் வழியின் இயல்பையும் அறிந்தவனே பாகன் என்பதும், அவ்வறிவு ஒரு நாளில் வருவதன்று என்பதும் அக்காலத்தார் ஐயமின்றி உணர்ந்திருந்த உண்மைகள். இன்றோ நானூறு குதிரைவலுக் கொண்ட இயந்திரத்தை, அறுபது தொன் வரையிலான பாரத்தோடு, சில வாரப் பழக்கமே உள்ள ஒருவரின் கையில் ஒப்படைத்துப் பெருந்தெருவில் விடும் நாடுகள் உள. இதன் விளைவு யாது என்பதைக் கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் பெருவிலை கொடுத்துக் கற்றுள்ளன. கற்று முடித்துவிட்டன என்று கூறுவதற்குத்தான் இன்னும் இடமில்லை.

2018 ஆம் ஆண்டு ஏப்ரில் 6 ஆந் திகதி மாலை, கனடாவின் சஸ்கற்சுவான் மாகாணத்திலே, 35 ஆம் இலக்கப் பெருந்தெருவும் 335 ஆம் இலக்கப் பெருந்தெருவும் சந்திக்குமிடத்தில் அவ்விபத்து நிகழ்ந்தது. ஹம்போல்ற் என்னும் சிறு நகரின் இளைஞர் ஹொக்கி அணியினர் போட்டியொன்றுக்காக பஸ் வண்டியிற் சென்றுகொண்டிருந்தனர். குறுக்குத் தெருவிலே, இரண்டு இழுவைப் பெட்டிகளில் உலர்ந்த பாசிப் பொதிகளை ஏற்றிவந்த லொறியொன்று, ‘நில்’ என்னும் பலகையையும் அதன் மேல் மினுங்கிய செவ்விளக்கையும் கடந்து சந்தியினுட் புகுந்தது. பஸ்ஸிலிருந்த 29 பேரில் 16 பேர் மாண்டனர். எஞ்சிய 13 பேரும் காயமுற்றனர். வீட்டு வாசல்களில் ஹொக்கி மட்டைகளை நிறுத்திவைத்து அந்நாடு முழுவதும் துக்கம் காத்தது.

லொறியின் சாரதி இந்தியாவிலிருந்து சென்ற இளைஞர். ஏறத்தாழ இரண்டு வாரங்கள் முதலாளியோடு கூடச் சென்று பழகியபின் தனியே ஓட்ட விடப்பட்டவர். சுமையை மூடிய படங்கு காற்றில் அவிழ்ந்து படபடத்ததையே கண்ணாடியிற் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் அவர் சந்தியைக் கவனியாது போனார். குற்றத்தை அவர் மறுக்கவில்லை. வழக்கை நீட்டி, மக்களை இழந்தோரின் துயரைப் பெருக்க விரும்பவில்லை என்று கூறி ஏற்றுக்கொண்டார். 2019 மார்ச்சில் எட்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2024 இல் நாடு கடத்தும் கட்டளையும் பிறந்தது.

நீதி தன் கடமையைச் செய்தது. ஆயினும் நீதிமன்றத்தின் கூண்டில் நிறுத்தப்படாத சில வினாக்கள் உள. இரண்டு பெட்டிகள் பூட்டிய வண்டியை இரண்டு வாரத்தில் ஒருவர் ஆளப் பழகலாம் என்று தீர்மானித்தவர் யார்? விபத்துக்கு முந்திய பதினொரு நாட்களிலே அச்சாரதி எழுதவேண்டிய ஓட்டக் குறிப்புகள் முதலியவற்றில் எழுபது விதிமீறல்கள் இருந்தன என்று பின்னர் அரசாங்க அறிக்கையொன்று கணக்கிட்டது. அவற்றை விபத்தின் முன் பார்த்திருக்க வேண்டியவர் யார்? லொறியின் சொந்தக்காரர் அபராதத்தோடு வீடு சென்றார். அந்நாளில் அம்மாகாணத்திலோ, பாரவண்டிச் சாரதியாக விரும்புவோர் கட்டாயம் பயிற்சி பெறவேண்டும் என்ற சட்டமே இருக்கவில்லை. பரீட்சையில் தேறினால் போதுமானதாயிருந்தது.

சட்டம் விபத்தின் பின்னரே வந்தது. ஒன்ராறியோ மாகாணம் மாத்திரம் 2017 ஜூலையிலேயே 103.5 மணித்தியாலப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தது. 2019 மார்ச்சில் அல்பேட்டா 113 மணித்தியாலத்தையும் சஸ்கற்சுவான் 121.5 மணித்தியாலத்தையும் விதித்தன. மனிற்றோபா அவ்வாண்டு செப்ரெம்பரிற் பின்தொடர்ந்தது. பிரித்தானியக் கொலம்பியா 2021 இல் 140 மணித்தியாலம் என்றது. பெரிய முன்னேற்றம் என்றே கொள்ளலாம். ஆனால் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சிகை அலங்காரம் செய்வோர் அனுமதி பெறுதற்கு ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேற் பயில வேண்டியுள்ளதை எண்ணும்போது, அம்முன்னேற்றத்தின் அளவு எத்தகையது என்பது விளங்கும். பிழையாக வெட்டிய முடி மீண்டும் வளரும்.

இங்கே வாசகர் ஒரு கேள்வி எழுப்பலாம். வண்டியோட்டுதலில் அத்துணை கற்க என்ன உண்டு? சக்கரத்தைத் திருப்புதலும் பிறேக்கை அழுத்துதலுந்தானே? அன்று. மணிக்கு 65 மைல் வேகத்திற் செல்லும் கார் நிற்பதற்கு ஏறத்தாழ 316 அடி தேவையெனில், சுமையேற்றிய பாரவண்டிக்கு ஏறத்தாழ 525 அடி தேவை. காற்றமுக்கத்தால் இயங்கும் பிறேக் மிதித்த கணத்திலேயே பிடிப்பதில்லை. குழாய்களிற் காற்று ஓடிச் சேரச் சிறிது நேரஞ் செல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, மலையிறக்கம் என்பது தனி வித்தை. இறக்கத்தில் பிறேக்கை மிதித்தபடியே வந்தால் அது கனன்று பிடிமானத்தை இழக்கும். இழந்தபின் எவ்வளவு மிதித்தும் பயனில்லை. இறக்கந் தொடங்குமுன்னரே கியரைக் குறைத்து, இயந்திரத்தின் தடையைக் கொண்டே வேகத்தை அடக்கி இறங்கவேண்டும். தொடங்கியபின் குறைக்க முயன்றால் கியர் விழாமற் போகலாம். இதனை நூலிற் படிக்கலாம். ஆனால், மலையில், அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்க, பலமுறை இறங்கிப் பார்த்தவனுக்கே அது கைவரும்.

இவ்வித்தை கைவராததன் விலையை 2019 ஏப்ரில் 25 இல் கொலறாடோ மாநிலம் கண்டது. மரப்பலகை ஏற்றிய லொறியொன்று றொக்கி மலைச்சரிவிலிருந்து பிறேக் அற்ற நிலையில் டென்வர் நகரை அண்டி ஓடிவந்து, நெரிசலில் நின்ற வாகனங்களோடு மோதித் தீப்பற்றியது. நால்வர் இறந்தனர். இத்தகைய வண்டிகள் ஏறி நிற்பதற்கென்றே வழியில் அமைக்கப்பட்டிருந்த சரளை மேட்டைச் சாரதி பயன்படுத்தாமலே கடந்து வந்திருந்தார். அவருக்கு வயது 23. கட்டாயத் தண்டனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சட்டத்தின்படி 110 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பேர் கையொப்பமிட்டு இரக்கங் கோரினர். 2021 டிசெம்பரில் ஆளுநர் ஜாரெட் போலிஸ் அதனைப் பத்தாண்டாகக் குறைத்தார். நூற்றுப்பத்து ஆண்டு தண்டிக்கத் தெரிந்த சட்டத்துக்கு, மலையிறக்கத்தை நூறு மணித்தியாலம் கற்பிக்கத் தெரியாமற் போனது விந்தையே.

ஐக்கிய அமெரிக்காவின் காங்கிரஸ், புதிய சாரதிகளுக்கான பயிற்சி விதிகளை ஆக்குமாறு 1991 இலேயே பணித்தது. விதி நடைமுறைக்கு வந்ததோ 2022 பெப்ரவரி 7 இல். இடையே முப்பது ஆண்டுகள் கழிந்தன. அதிலும், முன்மொழியப்பட்ட வரைவிலிருந்த குறைந்தபட்சம் முப்பது மணித்தியால ஓட்டப் பயிற்சி இறுதி விதியில் நீக்கப்பட்டது. மாணவன் தேறிவிட்டான் என்று பயிற்றுநர் கருதினாற் போதும் என்பதே எஞ்சியது. பயிற்சி நிலையங்களும் தம் தகுதிக்குத் தாமே சான்று கூறிப் பதிவு செய்துகொண்டன. விளைவு எதிர்பார்த்ததே. 2025 டிசெம்பரில், ஏறத்தாழ 3,000 நிலையங்களைப் பட்டியலிலிருந்து நீக்க நடவடிக்கை எடுத்துள்ளதாக அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களமே அறிவித்தது.

பரீட்சை என்னும் வாயில் ஒழுங்காயிருந்தால் பயிற்சியின் குறைபாடு அங்கே பிடிபடுமன்றோ எனலாம். வாயிற்காவலனே விலைபோனால் என்செய்வது? 1994 நவம்பரில் மில்வோக்கி நகரருகே லொறியொன்றிலிருந்து கழன்று விழுந்த இரும்புப் பகுதி பின்னால் வந்த வாகனத்தின் எரிபொருட் கலத்தைத் துளைக்க, ஒரே குடும்பத்தின் ஆறு பிள்ளைகள் மாண்டனர். அச்சாரதியின் அனுமதிப்பத்திரம் இலினோய் மாநிலத்தில் கையூட்டினாற் பெறப்பட்டது என்பது பின்னர் வெளியாயிற்று. அக்கையூட்டுப் பணத்தின் ஒரு பகுதி அத்திணைக்களத்தின் தலைவராயிருந்த ஜோர்ஜ் றயனின் தேர்தல் நிதிக்குச் சென்றிருந்தது. பின்னாளில் ஆளுநராகவும் விளங்கிய அவர் 2006 இல் ஊழற் குற்றவாளியாகக் காணப்பட்டுச் சிறை சென்றார்.

கையூட்டு இன்றியும் வாயில் தளரலாம். ஒன்ராறியோவில் சில கம்பனிகள் தம் சாரதிகளைத் தாமே பரீட்சிக்க அனுமதி பெற்றுள்ளன. மாகாணக் கணக்காய்வாளர் நாயகத்தின் 2019 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இக்கம்பனிகள் நடத்திய பரீட்சைகளில் தேறியோர் நூற்றுக்கு 95. பொதுப் பரீட்சை நிலையங்களில் தேறியோர் நூற்றுக்கு 69. கம்பனிகளின் மாணவர் கெட்டிக்காரர் போலும் என்று மகிழ்வதற்கில்லை. அவ்வாறு பரீட்சிக்கும் கம்பனிகளில் நாலில் ஒரு பங்கு, தம் பிழையால் நேர்ந்த விபத்துக்களில் மாகாணத்திலேயே மிக மோசமான நூற்றிலொரு பங்கினுள் அடங்கியிருந்தன.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகின்றது. மணித்தியாலத்தைக் கூட்டுவது மாத்திரம் மருந்தாகாது. ஓடும் மைலுக்குக் கூலி என்னும் முறை நிலவும் வரை, பயிற்சி என்பது முதலாளிக்குச் செலவு, மாணவனுக்குப் பட்டினி. ஐக்கிய அமெரிக்காவின் பெருங் கம்பனிகள் பலவற்றில், பயில்பவன் வண்டியை ஓட்டும்போது பயிற்றுநர் பின்னாலுள்ள கட்டிலில் உறங்குவதுண்டு. இருவர் மாறிமாறி ஓட்டுவதால் வண்டி ஓயாமல் ஓடி இலாபம் ஈட்டும். பயிற்றுநர் என்பவரும் சில வேளைகளில் சில மாதங்கள் முன்னரே அனுமதி பெற்றவராயிருப்பார். கற்பிப்பவர் கண்மூடியிருக்கக் கற்பவன் எதைக் கற்பான்?

சாரதிகள் தட்டுப்பாடாக இருக்கையில் நிபந்தனைகளை இறுக்கினால் கடைகளில் உணவு வந்து சேராது என்பது எதிர்த்தரப்பின் வாதம். இதனைத் தள்ளிவிட முடியாது. 2021 இல் பிரித்தானியா இத்தட்டுப்பாட்டினாலேயே பரீட்சைப் படியொன்றை நீக்கியது. பயிற்சிக் கட்டணம் உயர உயர, குடியேறி வந்த ஏழையே அதிகம் நசுங்குவான் என்பதும் உண்மை. ரொறொன்ரோவைச் சுற்றி வாழும் நம்மவர் பலரும் இத்தொழிலாற் குடும்பங் காப்பவர்களே. ஆனால், பெருங் கம்பனிகளிற் புதியவர் சேர்வதும் ஓராண்டினுள் வெளியேறுவதும் வழக்கமாயிருப்பதை நோக்கின், தட்டுப்பாடு ஆட்களுக்கா, அவர்களைத் தொழிலில் நிலைநிறுத்தும் ஊதியத்துக்கும் மதிப்புக்குமா என்று ஐயுறவேண்டியுள்ளது. ஜேர்மனியில் சாரதித் தொழில் மூன்றாண்டு கற்கும் முறையான கைத்தொழிலாக உள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 280 மணித்தியாலம், விரைவு முறையில் 140 மணித்தியாலம் தொடக்கப் பயிற்சியும், ஐந்தாண்டுக்கொருமுறை 35 மணித்தியால மீள்பயிற்சியும் கோருகின்றது. ஆங்கும் தட்டுப்பாடு உண்டு. ஆயினும் அதற்காகப் பயிற்சியைக் கைவிடவில்லை.

நம் நாட்டிலும் எழுதப்படாத ஒரு குருகுலம் இருந்து வந்தது. லொறியில் கிளீனராக ஏறிய பையன் ரயருக்குக் கட்டை வைத்து, படங்கு கட்டி, கடுகண்ணாவை இறக்கத்தில் சாரதி எவ்விடத்தில் கியரை மாற்றுகின்றார் என்பதைப் பல ஆண்டு கண்ணாற் கண்டு, பின்னரே சக்கரத்தைத் தொட்டான். அம்முறையில் தீய பழக்கங்களும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறின என்பதை மறுக்கவியலாது. ஆயினும், அவசரமானது எது, பொறுக்கத்தக்கது எது என்று பிரித்தறியும் நிதானம் அவனுக்கு அதிலே வாய்த்தது. படங்கு படபடத்தால் என்ன செய்யவேண்டும் என்பதை அவனுக்கு எவரும் புத்தகத்திற் காட்டவேண்டியிருக்கவில்லை.

ஆகவே வேண்டுவன மூன்று. பயிற்றுபவரும் பரீட்சிப்பவரும் இலாபம் பெறுபவரும் ஒருவராயிருத்தல் ஆகாது. அனுமதிப்பத்திரம் பெற்ற முதலாண்டு, விழித்திருக்கும் மூத்தவர் ஒருவரின் கீழ்ப் பயிலும் ஆண்டாக, ஊதியத்தோடு, அமைதல் வேண்டும். விபத்து நேர்ந்தபின் சாரதியை விசாரிக்கும் அதே மன்றம், அவனைத் தெருவில் விட்டவரையும் விசாரித்தல் வேண்டும். ஹம்போல்ற்றில் பதினாறு பேரின் பெற்றோர் கேட்டதும் பெரும்பாலும் இவைதாம். சிறையிலிருந்த அவ்விளைஞரை மன்னித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். மன்னிக்க இயலாதவர்களும் இருந்தனர். ஆனால், பழகாத கையில் அப்பெருஞ்சுமையை ஏற்றிவைத்த ஒழுங்கை மன்னிக்குமாறு அவர்களிடம் எவரும் வந்து கேட்டதில்லை.