போர்டு மாட்டும் முன் ஒரு நிமிஷம்! கென்யாவின் சின்னக் கடைகள் சறுக்கும் 5 இடங்கள்

2000-ல் கென்யாவுக்கு 'கென்செல்' என்ற செல்போன் சேவை வந்தது. 2004-ல் அது 'செல்டெல்' ஆனது. 2008-ல் 'ஸெயின்'. 2010-ல் இந்தியாவின் பார்தி நிறுவனம் வாங்கியதும் 'ஏர்டெல்'. பத்தே வருடத்தில் நான்கு பெயர்கள். ஒவ்வொரு முறையும் புது நிறம், புது போர்டு, புது விளம்பரம். போட்டியாளரான சஃபாரிகாம் அதே பெயரோடும் அதே பச்சை நிறத்தோடும் நின்றது. அங்கே முதலிடமும் அதற்குத்தான்.

சஃபாரிகாம் ஜெயித்ததற்குப் பெயர் மட்டுமே காரணமில்லை. ஆனால், மூன்று முறை பெயர் மாற்றும் செலவைப் பெரிய கம்பெனி தாங்கும். சேமிப்பை எல்லாம் போட்டுக் கடை திறந்தவர் ஒரு முறைகூடத் தாங்க மாட்டார்.

தலைநகர் நைரோபியில் இருக்கும் கிகோம்பா சந்தை பழைய துணி வியாபாரத்துக்குப் பேர் போனது. அதன் பக்கத்தில் ஒரு பெண் தையல் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பளிச்சென்ற 'கிட்டெங்கே' துணியில் பையும் சட்டையும் தைக்கிறார். கையில் தொழில் இருக்கிறது. தேடி வர நாலு கஸ்டமர்களும் இருக்கிறார்கள். இனி ஒரு பெயர் வைத்து, போர்டு மாட்ட வேண்டும். அவர் எங்கெல்லாம் சறுக்கலாம்?

1. ஓசி பெயின்ட்

கென்யாவில் சின்னக் கடையை 'டுகா' என்பார்கள். ஊருக்கு ஊர் இந்தக் கடைகளின் சுவர்களில் குளிர்பான கம்பெனியின் சிவப்பையும் செல்போன் கம்பெனியின் பச்சையையும் பார்க்கலாம். கம்பெனியே பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடும். அதன் லோகோ பெரிதாக இருக்கும், கடையின் பெயர் ஓர் ஓரத்தில் இருக்கும்.

மளிகைக் கடைக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே அங்கே ஆள் வருவார்கள். தையல் கடை அப்படியல்ல. "இந்தப் பையை எங்கே தைத்தீர்கள்?" என்று ஒருவர் கேட்கும்போது, பதிலாக ஒரு பெயர் வர வேண்டும். "அந்தப் பச்சை சுவர் கடை" என்றால், அப்படி அந்தத் தெருவிலேயே ஐந்து கடைகள் இருக்கும்.

2. நிறத்துக்கும் கட்சி உண்டு

2005-ல் புதிய அரசியல் சட்டம் வேண்டுமா என்று கென்யாவில் வாக்கெடுப்பு நடந்தது. 'வேண்டும்' என்பதற்கு வாழைப்பழம் சின்னம், 'வேண்டாம்' என்பதற்கு ஆரஞ்சுப் பழம். ஆரஞ்சு ஜெயித்தது. அந்தப் பழத்தின் பெயரிலேயே ஒரு பெரிய கட்சியும் உருவானது. 2022 தேர்தலில் தள்ளுவண்டி சின்னத்தில் நின்றவர் அதிபரானார். 'ஹஸ்லர்' என்ற சொல்லும் அவருடைய பிரசாரத்தோடு ஒட்டிக்கொண்டது.

"பார்க்க அழகாக இருக்கிறது" என்று ஆரஞ்சு நிற போர்டும், "உழைப்பாளியின் அடையாளம்" என்று தள்ளுவண்டி லோகோவும் வைத்தால், தெருவில் பாதிப் பேர் அதைக் கட்சி விளம்பரமாகத்தான் பார்ப்பார்கள். 2007 தேர்தலுக்குப் பிந்தைய கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நாடு அது. அங்கே இது வெறும் ரசனை விஷயமில்லை.

3. போனில் வேறு பெயர்

சஃபாரிகாம் 2007-ல் தொடங்கிய 'எம்-பெசா'தான் இன்று கென்யாவின் பணப்பை. 'எம்' என்றால் மொபைல். 'பெசா' என்றால் சுவாஹிலி மொழியில் பணம். சந்தையில் காய் விற்பவரும் புரிந்துகொள்ளும் பெயர். புதிதாகப் பெயர் தேடுபவர்களுக்கு அதுவே நல்ல பாடம்.

கடைகளுக்கு 'டில் நம்பர்' என்று ஒரு எண் தருவார்கள். அதில் பணம் செலுத்தினால், எந்தப் பெயருக்குப் போனது என்று கஸ்டமரின் போனுக்கு எஸ்.எம்.எஸ் வரும். போர்டில் ஒரு பெயர், எஸ்.எம்.எஸ்-ஸில் கணவர் பெயரோ பழைய கடையின் பெயரோ இருந்தால்? "பணம் வேறு யாருக்கோ போய்விட்டதா?" என்ற பயம் வரும். மோசடிகளைப் பார்த்துப் பழகிய கஸ்டமர், அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடலாம். எண் வாங்கும்போதே கடைப் பெயரில் வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை.

4. பதிவு செய்தாச்சு... ஆனால், எதை?

பலர் ஏமாறும் இடம் இதுதான். கடையின் பெயரை அரசிடம் தொழிற்பெயராகப் பதிவு செய்ததும், "இனி இது என் பெயர்" என்று நினைத்துவிடுகிறார்கள். தொழிற்பெயர் வேறு, டிரேட்மார்க் வேறு. டிரேட்மார்க்கை கென்யா தொழில்துறைச் சொத்துரிமை நிறுவனத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். இல்லாவிட்டால், பெயர் பிரபலமான பிறகு இன்னொருவர் முந்திக்கொள்ளக்கூடும்.

கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை மக்கள் இடுப்பில் கட்டும் துணி 'கிக்கோய்'. அந்தப் பெயரையே பிரிட்டனில் ஒரு கம்பெனி டிரேட்மார்க் ஆக்க முயன்றது. கென்யாவிலிருந்து எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த முயற்சி நின்றது. ஊர் முழுக்கப் புழங்கும் துணிக்கே இந்த நிலை என்றால், தனி ஆளின் கடைப் பெயருக்குச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, 'நல்ல பை', 'தரமான துணி' போன்ற பெயர்களுக்கு டிரேட்மார்க் கிடைப்பது கடினம். பொருளை விவரிக்கும் பொதுச் சொற்கள் எல்லோருக்கும் சொந்தம்.

5. பையும் போட்டோவும்

கடைப் பெயர் போட்ட பிளாஸ்டிக் பை மலிவான விளம்பரம் என்று தோன்றும். ஆனால், 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் கேரி பைகளுக்குத் தடை. மீறினால் 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதம் அல்லது 4 ஆண்டு வரை சிறை என்று அறிவித்தார்கள். மிச்சத் துணியில் தைத்த சின்னப் பையில் பெயரைப் போட்டுக் கொடுப்பதுதான் தையல் கடைக்குப் பொருத்தம். கஸ்டமர் அதைத் தூக்கிப் போடவும் மாட்டார்.

அடுத்தது போட்டோ. புதுச் சட்டையோடு நிற்கும் கஸ்டமரைப் படமெடுத்து, கேட்காமலே இணையத்தில் போடுவது சகஜமாகிவிட்டது. கென்யாவில் 2019-லேயே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. வாடிக்கையாளரின் படத்தை அனுமதியின்றி வெளியிட்ட நைரோபி கேளிக்கை விடுதி ஒன்றுக்கு 2023-ல் 18.5 லட்சம் ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். சின்னக் கடை அந்தத் தொகையில் மூடியே போய்விடும். "படம் போடலாமா?" என்று கேட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டால் போதும்.

எதை முதலில் செய்வது?

புதிதாகக் கடை வைப்பவர்களில் பலர் லோகோவில் தொடங்கி, போர்டுக்குச் செலவழித்துவிட்டு, கடைசியில்தான் பதிவைப் பற்றி விசாரிக்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட்டால் பணம் மிஞ்சும். முதலில், பெயரைத் தெருவில் பத்துப் பேரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். வாயில் நுழைகிறதா, சுவாஹிலியிலோ உள்ளூர்ப் பேச்சிலோ தப்பர்த்தம் வருகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதே பெயரில் ஏற்கெனவே டிரேட்மார்க் இருக்கிறதா என்று அடுத்து தேட வேண்டும். பிறகு பதிவும் டில் நம்பரும்.

பெயின்டருக்கு போன் செய்வது அதற்கப்புறம்தான்.